கையை விடும் பாடம்

ஊர்க்காவலனுக்குப் பதினெட்டு வயது முடிந்த மாதம், பானுப்பிரியா தன் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே "நீக்கம் - வயது" என்று எழுதினாள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஊரை விட்டுப் போன பிள்ளைக்கும் இறந்துபோன பிள்ளைக்கும் அதே கட்டம்தான். காரணம் மட்டும் மாறும்.

அவள் சிறப்பாசிரியர். தாயில்பட்டியைச் சுற்றி ஐந்து பள்ளிகள் அவள் பொறுப்பில் இருந்தன. நாளுக்கு ஒரு பள்ளி. காது கேளாத பிள்ளை, பார்வை மங்கிய பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை என்று ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பாள். வேதியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். பெரியவர்களிடம் பேச நா எழாது. கூட்டங்களில் கடைசி வரிசைதான்.

ஊர்க்காவலனை ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தெரியும். பத்து வரை எண்ணுவான். பதினொன்று என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். ஒரு காரியத்தைப் பழக்க மாதக்கணக்காகும். பழகிவிட்டாலோ கல்லில் வெட்டியதுதான்.

வந்த புதிதில் அவனுடைய ஓட்டம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. இந்தப் பக்கத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? பட்டாசுக் கம்பெனிகளில் தினமும் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். டொம்மென்று ஒன்று கேட்டால் போதும், வகுப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடுவான். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் விழப் பார்த்தான். பானுப்பிரியா அவனுக்கு ஒரே ஒரு பாடத்தை மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தாள். சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடி. ஓடாதே. மெதுவாக நட. எட்டாம் வகுப்பு முடியும்போது அவன் பழகியிருந்தான். தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கு வந்து ஒத்திகை நடத்திய அன்று, மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் முட்டி மோதினார்கள். ஊர்க்காவலன் மட்டும் பக்கத்துப் பையன் கையைப் பிடித்து வரிசையாக நடத்திக் கூட்டிவந்தான். அந்த அதிகாரி அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பானுப்பிரியா அன்று பேருந்தில் வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வில், அவன் சொல்வதை எழுத ஒருவரை அமர்த்தி எழுதினான். அதற்கு மேல் சேர்க்கத் தலைமையாசிரியர் தயங்கினார். "அவன்தான் பதினொண்ணுன்னா ஒத்துக்கிட மாட்டானே, டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார். அவள் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு வாரம் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். பதினெட்டு வந்ததும் அதுவும் நின்றது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, அவன் அம்மா மாடத்தி பள்ளி வாசலில் வந்து நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. நகக்கண்ணிலெல்லாம் அலுமினியப் பவுடரின் சாம்பல் நிறம். பக்கத்தில் ஊர்க்காவலன். அம்மாவை விட இரண்டு சாண் உயரமாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்ததுதான் இப்ப வெனையாப் போச்சு."

"என்னம்மா ஆச்சு?"

"எங்க கம்பெனியில பேக்கிங்குக்கு இவனக் கேட்டுப் பாத்தேன். போர்மேன் முனியராஜ் அண்ணாச்சி கூட்டியாரச் சொன்னாரு. போனோம். தரைச்சக்கரத்தப் பொட்டியில அடுக்கச் சொன்னாரு. பத்துப் பத்தா அடுக்கிட்டான் டீச்சர். ஒண்ணு கூடல, கொறையல."

"நல்லதுதானே?"

"கேளுங்க. அப்புறம் அவரு ஒரு தகர டின்ன எடுத்து டமார்னு அடிச்சாரு. ஓடுறானான்னு பாக்க. இவன் என்ன செஞ்சான்? போர்மேன் கையப் புடிச்சிக்கிட்டான். கல்யாண மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி மெள்ள மெள்ள நடத்திக் கூட்டிட்டுப் போறான். அங்கன இருந்த பொம்பளைகளுக்கெல்லாம் சிரிப்பான சிரிப்பு."

மாடத்தியும் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சொல்றாரு, மாடத்தி, இவன் கை நல்லாத்தான் வேலை செய்யிது. ஆனா தீப் புடிச்சா இவன் சாவான், சாகும்போது இன்னொரு ஆளையும் கூட்டிட்டுப் போவான். ஆவணி பொறக்கதுக்குள்ள ஓடப் பழக்கிக் கூட்டியான்னு."

பட்டாசுக் கம்பெனியில் அதுதான் முதல் பாடம். ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் கதவு. புகையைப் பார்த்தால் எந்தக் கதவு கிட்டத்தில் இருக்கிறதோ அதன் வழியே வெளியே பாய வேண்டும். யாரையும் பார்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, திரும்பக் கூடாது.

பானுப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "விருதுநகர்ல ஒரு பயிற்சி மையம் இருக்குன்னு சொன்னேனேம்மா."

"ரெண்டு பஸ்சு மாறணும். காலையில கொண்டு விட்டு, சாயங்காலம் கூட்டியாந்தா நான் எப்ப வேலைக்குப் போக? சரி, அங்க என்ன பழக்குவாக?"

"மெழுகுவத்தி, காகிதப் பை..."

"ரெண்டு வருசம் பழக்குவாக. அப்புறம்?"

அந்த 'அப்புறம்' பானுப்பிரியாவுக்கும் தெரியாது. பயிற்சிப் புத்தகங்களில் அந்த அத்தியாயம் மெலிதாக இருந்தது.

"இவுக அப்பா திருப்பூருக்குப் போனவரு, அங்கனயே ஒரு குடும்பம் ஆயிப்போச்சு" என்றாள் மாடத்தி. "எனக்கு நாப்பத்தாறு. நான் போனபெறகு இவன் சோத்துக்கு இவன் கைதான் டீச்சர். ஒரு கம்பெனியில பேரு இருந்தா நாலு சனத்துக்கு இவனத் தெரியும். இப்ப என்ன செய்யிறேன் தெரியுமா? கதவப் பூட்டிட்டுப் போறேன். பக்கத்து வீட்டுல கள்ளத்தனமாத் திரி உருட்டுறாக. அங்கன தீப் புடிச்சா பூட்டுன வீட்டுக்குள்ள இவன் யாரு கையப் பிடிப்பான்?"

ஊர்க்காவலன் பானுப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தான். "டீச்சர், நான் நடந்தேன்" என்றான் பெருமையாக.

* * *

பெயரை நீக்கிய பிள்ளைக்குப் பாடம் நடத்தப் பள்ளியில் இடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. காவலாளி தங்கச்சாமியிடம் கேட்டாள். அவர் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. கம்பெனியிலும் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரம்தான் என்று மாடத்தி சொல்லியிருந்தாள்.

முதல் நாள் பானுப்பிரியா ஒரு தட்டைத் தட்டினாள். ஊர்க்காவலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது. "இல்ல காவலா. கை வேண்டாம். ஓடு." அவன் குழம்பிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தான். படம் வரைந்த அட்டைகள் செய்தாள்: புகை, ஓடும் ஆள், மரம். அட்டைகளை வரிசையாக அடுக்கக் கற்றுக்கொண்டான். தட்டைத் தட்டினால் அட்டைகளை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறுகையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தான்.

கல்லூரியில் படித்த ஒன்று அவளுக்கு நினைவுக்கு வந்தது. சில வேதிவினைகளுக்கு இரண்டு பக்கமும் அம்புக்குறி போடுவார்கள். போனது திரும்பி வரும். சிலவற்றுக்கு ஒரே அம்புதான்.

ஆறாம் நாள் மாடத்திக்குப் பொறுமை போய்விட்டது. அவன் பிடித்த கையிலேயே ஓங்கி அடித்தாள். "விடுலே! எத்தன தடவ சொல்ல! விட்டாத்தான்லே பொளைப்ப!" அவன் அழுதான். அழுதுகொண்டே அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மாடத்தி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது ஒட்டிக்கொண்டது. பிரித்துக்கொண்டே அவளும் அழ ஆரம்பித்தாள்.

பானுப்பிரியா தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அவன் கையை விடாதது ஓடத் தெரியாததால் அல்ல. விட்டால் அம்மா எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாடத்தில் அந்தப் படியே இல்லை.

"அம்மா, அவன் மரத்துக்குப் போனா நீங்க அங்க வருவீங்கன்னு சொல்லுங்க. அவன் போன பிறகுதான் வருவீங்கன்னு."

மாடத்தி மூக்கை உறிஞ்சினாள். மடியில் காராச்சேவுப் பொட்டலம் வைத்திருந்தாள், சாத்தூர்க் கடையில் வாங்கியது. அதை அவன் கண்முன் காட்டினாள்.

"எய்யா. இங்கேரு. சத்தம் கேட்டா அம்மா கைய விட்டுரணும். ஓடிப் போயி மரத்துக்கிட்ட நிக்கணும். நின்னா அம்மா வருவேன். வந்து சேவு தருவேன். நிக்கலன்னா வர மாட்டேன்."

"வருவியா?"

"வருவேன்லே."

தட்டுச் சத்தம். அவன் அம்மாவைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். விரல்கள் தளர்ந்தன. ஓடினான். தொப்பை குலுங்க, செருப்பு ஒரு பக்கம் பறக்க, ஆறாம் வகுப்பில் ஓடியது போலவே ஓடினான். மரத்தடியில் போய் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். மாடத்தி நடந்து போய் அந்தக் கையில் சேவைக் கொட்டினாள்.

"நல்ல புள்ள" என்றாள் பானுப்பிரியா. "என்ன செய்யணும், சொல்லு?"

"கையப் பிடிக்கக் கூடாது. ஓடணும். நிக்கணும். அம்மா வரும்."

அதன் பிறகு பத்து நாளில் நாற்பத்தொரு முறை பழகினார்கள். பானுப்பிரியா ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைத்தாள். கடைசிப் பதினைந்தும் சரி. பார்வையாளர் என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதியிருந்தாள்.

* * *

ஆவணி முதல் வாரம் பானுப்பிரியாவும் கூடப் போனாள். அச்சங்குளம் போகிற வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது கம்பெனி. கேட்டின் பக்கம் மாடத்தி வேலை செய்யும் அறை. நடுவில் பெரிய பேக்கிங் ஷெட். அதற்குப் பின்னால், வேலி ஓரத்தில் வேப்பமரம். முனியராஜ் டின்னை அடித்தார். ஊர்க்காவலன் ஷெட்டின் பின்கதவு வழியே பாய்ந்து மரத்தடியில் போய் நின்றான். கையை நீட்டினான்.

"எப்பா! இங்கன இருவது வருசமா இருக்கவளுகளே இம்புட்டு வேகமா ஓட மாட்டாளுக" என்றார் முனியராஜ். "டீச்சரம்மா, எங்க ஆளுக அம்புட்டுப் பேருக்கும் ஒரு நா வந்து பாடம் எடுங்க."

பானுப்பிரியா சிரித்தாள். அவர் அதை வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

வட்டமாகப் பத்துக் குழி வெட்டிய அட்டை ஒன்றை அவனுக்குச் செய்து கொடுத்தாள். குழி நிறைந்தால் ஒரு பெட்டி. பக்கத்தில் தங்கத்தாய் என்ற பெண் வேலை செய்தாள். வாய் ஓயாதவள். "ஏ மாடத்தி அக்கா, ஓம் மகன எனக்கு மருமகனாத் தந்துரு. பேசுனா எதுத்துப் பேச மாட்டான், எண்ணுனா தப்பா எண்ண மாட்டான். எங்க வீட்டுல இருக்க ஆளுக்கு ரெண்டும் கெடையாது" என்பாள். ஷெட்டே சிரிக்கும். ஊர்க்காவலனும் சிரிப்பான். மத்தியானம் மணி அடித்தால் மாடத்தி தூக்குவாளியோடு தன் அறையிலிருந்து கிளம்பி, பேக்கிங் ஷெட்டை முன்கதவில் நுழைந்து பின்கதவில் கடந்து, மரத்தடிக்கு வருவாள். வேலியைச் சுற்றி வர இன்னொரு வழி இருந்தது. அது தூரம். இருவரும் மரத்தடியில்தான் சாப்பிட்டார்கள்.

புரட்டாசியில் வள மையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வெற்றிக் கதை ஒன்று வேண்டுமாம், புகைப்படத்தோடு. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு நின்ற ஊர்க்காவலனைப் படம் எடுத்தாள். 'மாணவரின் தற்போதைய நிலை' என்ற இடத்தில் 'பணியில் உள்ளார்' என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

* * *

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. முந்தின மூன்று நாளும் மழை. அன்று வெயில் அடித்தது. காய வைக்க முடியாமல் கிடந்ததையெல்லாம் கம்பெனிகளில் வெளியே பரப்பியிருப்பார்கள். ஈரம் பட்ட அலுமினியக் கலவை உள்ளுக்குள் சூடேறும் என்று பானுப்பிரியாவுக்குத் தெரியும். முனியராஜுக்கும் தெரிந்திருக்கும். ஆர்டர் நிற்குமா?

பத்தரை மணிக்கு அவள் வேறொரு பள்ளியில், எட்டாம் வகுப்பு ஹர்ஷினிக்குப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ஆசிரியர்கள் வராந்தாவுக்கு வந்து, வழக்கம்போல், புகை எந்தத் திசை என்று பார்த்தார்கள். இரண்டாவது சத்தம் அதைவிடப் பெரிதாக வந்தது. அச்சங்குளம் பக்கம், என்றார் ஒருவர்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே சனம் நின்றது. ஆம்புலன்ஸ்கள் வந்துபோயின. முனியராஜ் சட்டையில்லாமல் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒங்க பையன் இருக்கான் டீச்சரம்மா. மொதல்ல வெளிய போனதே அவன்தான். காய வச்ச எடத்துல பொகை வந்ததுமே ஓடிட்டான்."

அவளுக்கு நோட்டின் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. நாற்பத்தொரு முறை.

"மாடத்தி அம்மா?"

கையில் கட்டோடு நின்ற தங்கத்தாய்தான் சொன்னாள்.

"அவுக ரூமுக்கு ஒண்ணுமே ஆகல டீச்சர். கேட்டுப் பக்கந்தான. அந்த ரூமுல எல்லாரும் ரோட்டுக்கு ஓடிட்டாக. இந்த அக்கா மட்டும் திரும்பி ஷெட்டுக்குள்ள வருது. நான் வெளிய ஓடுதேன், எதுக்க வருது. ஓம் மகன் போயிட்டான், ஓடுக்கான்னு கத்துனேன். அந்தச் சத்தத்துல எங்க கேக்க? அடுக்கி வச்ச பெட்டி பூராம் அப்பத்தான்..."

"மகனத் தேடி வந்துச்சு" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"தேடல" என்றார் முனியராஜ். "உள்ள அங்கிட்டு இங்கிட்டுப் பாக்கல. நேரா வந்துச்சு. பின்கதவப் பாத்து வந்துச்சு. மரத்துக்குப் போற வழியில வந்துச்சு."

தேடி வந்தாளா, மரத்துக்குப் போக வந்தாளா என்று அங்கே நின்றவர்களுக்குள் பேச்சு எழுந்தது. பானுப்பிரியா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் நோட்டில் மாடத்தி ஒருமுறைகூட ஓடியதில்லை. அவன் போய் நின்ற ஒவ்வொரு முறையும் மரத்தடிக்கு நடந்து வந்துதான் பழகியிருந்தாள்.

"அவன் எங்க?"

"அங்கனயேதான் நிக்கான்" என்றார் முனியராஜ். "போலீஸ்காரங்க கூப்பிட்டாக, நான் கூப்பிட்டேன். அசைய மாட்டேங்கான்."

வேலியைச் சுற்றிய தூரத்து வழியில் அவள் நடந்தாள். ஷெட் இருந்த இடத்தில் நாலு தூண்கள் நின்றன. மரத்தின் இந்தப் பக்கத்து இலைகள் கருகியிருந்தன. ஊர்க்காவலன் அடிமரத்தை ஒட்டி நின்றான். சட்டையெல்லாம் சாம்பல். கழுத்தில் அடையாள அட்டை. வலது கை முன்னால் நீண்டிருந்தது. நேரமாகிவிட்டதால் இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் காகிதம் செருகிய அட்டையோடு பக்கத்தில் நின்றார். "இவரு யாரு? வயசு என்ன?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"பொறுப்பு யாரு?"

பானுப்பிரியா ஷெட் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா?"

"டீச்சர்."

"இவருக்கு இப்பவும் டீச்சரா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

"காவலா" என்று கையை நீட்டினாள். "வா, போகலாம்."

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவளுக்கு மறந்துவிட்டதோ என்பது போலப் பொறுமையாகச் சொன்னான். "கையப் பிடிக்கக் கூடாது, டீச்சர். ஓடணும். நிக்கணும்."

இந்த இடத்தில் அவள் எப்போதும் சொல்கிற இரண்டு சொற்கள் இருந்தன. அவற்றுக்காக அவன் அவள் வாயைப் பார்த்தான்.

"நல்ல புள்ள" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது. மறைத்த கையை முன்னால் கொண்டுவந்து மறுபடி நீட்டினான். பின்னாலேயே வந்து வேலிக்கு வெளியே நின்ற தங்கத்தாய், யாரிடமோ வாங்கிய சேவுப் பொட்டலத்தை நீட்டினாள். "இதக் குடுத்துப் பாருங்க டீச்சர், வந்தாலும் வருவான்." பானுப்பிரியா அதை வாங்கி, கொஞ்சம் அள்ளி, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் சேவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையை மூடவில்லை. அவளைத் தாண்டி, தூண்கள் நின்ற பக்கமாக, பின்கதவு இருந்த இடத்தைப் பார்த்தான்.

"அம்மா வரும்" என்றான்.

மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. உள்ளங்கையில் சேவு நனைந்தது. அவன் கையைத் தாழ்த்தவில்லை.